ஞாயிறு ஆறு மணிக்குள்

கேம்பிங் போகலாம் என்று என் கணவர் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் தவிர வேறு எதற்கும் வெளியில் இரவு தங்கியவர் அல்லர் அவர். மெத்தை மாறினால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்பார். அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், இணையத்தில் வாங்கிய கூடாரம் ஒன்றைக் கொண்டுவந்து சோபாவில் போட்டார்.

"சனி, ஞாயிறு கோலா சிலாங்கூர் போறோம். ஆத்தோரமா, அமைதியா ஒக்காந்து பேசலாம்லா," என்றார்.

பேசலாம் என்றதும் நான் விழுந்துவிட்டேன். எங்கள் வீட்டில் அவ்வளவு அருமையான பண்டம் அது.

பேச வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். பெல்ட்டில் வரும் சாமான்களில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, எதிரே வருகிற மனிதர்களிடமும் கீறல் தேடுகிற குணம் வந்துவிட்டது. அந்த மாதம் கம்பெனி பினாங்கில் புதிய கிளை திறந்தது. அங்கே தரப் பிரிவை நடத்த என்னை அனுப்புவதாக மேனேஜர் சொன்னார். இரண்டு வருடம். எனக்குக் கீழே இருபது பேர். தங்குவதற்கு வீடும் அவர்களே கொடுப்பார்கள். மேனேஜர் ஒரு சீன அம்மா, கறாரானவர். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குள் சம்மதம் என்று மெசேஜ் வரவேண்டும், வராவிட்டால் அடுத்த பெயரை எழுதிவிடுவேன், பிறகு என் முன்னால் வந்து அழக்கூடாது என்று மலாயில் சொல்லி அனுப்பினார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். சுற்றி வளைக்காமல் இங்கேயே எழுதிவிடுகிறேன். பதினான்கு வருடத்தில் என்னை ஒருவர் கூப்பிட்டு, உன்னால் முடியும் என்று சொன்னது அதுதான் முதல் முறை. வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இடம் மாறிப் போனார்.

கணவரிடம் சொன்னேன். டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "பொறுமா. அவசரப்பட்டு ஒண்ணும் சொல்லிடாத. நாம பேசிட்டு அப்புறமா அனுப்பு," என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் நான் பினாங்கு போனால், சுங்கை சோவில் உள்ள எங்கள் வீட்டில் அவர் தனி ஆள். அது எனக்கும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் ராகு காலம் பார்க்கிறவள். எங்கள் வீட்டுக் காலண்டர் அடுப்படியில் தொங்கும். அதைப் பார்க்காமல் நான் ஒரு காரியமும் தொடங்கியதில்லை. கார் வாங்கிய அன்று சாவியைக் கையில் கொடுக்கும் நேரத்தில் ராகு காலம் பிறந்துவிட்டது. விற்பனைக்கார இளைஞர் சாவியை நீட்டிக்கொண்டே நிற்க, நான் கையைக் கட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் எதிர்க்கடையில் இரண்டு தட்டு மீ கோரேங் சாப்பிட்டார். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "ராகு ஒனக்கு என்ன தாய்மாமனா? இவ்ளோ மரியாத குடுக்கற," என்று பன்னிரண்டு வருடமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். கிண்டல் செய்தாலும் காத்திருப்பார்.

ஞாயிறு ராகு காலம் நாலரை முதல் ஆறு வரை. மேனேஜரின் கெடுவும் ஆறு மணி. ஆகவே நாலரைக்கு முன்பே மெசேஜை அனுப்பிவிட வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். இரண்டு வருட வாழ்க்கையை ராகு காலத்தில் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். ராவாங்கிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடலோர ஊரான கோலா சிலாங்கூருக்குள் போகாமல், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றின் செம்மண் பாதையில் வண்டியைத் திருப்பினார். இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் அவர் பிறந்து வளர்ந்தார். தொழிலாளர் குடியிருந்த லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது என்று கையைக் காட்டினார். பாதையின் முடிவில் எடை போடும் கொட்டகை, ஒரு சிறிய கடை. அதைத் தாண்டிக் கால் மணி நேரம் நடக்கிற தூரத்தில் ஓர் ஓடை. ஓடையின் குறுக்கே சிமெண்டுத் தளம் போட்டிருந்தார்கள். பாலம் என்று சொல்ல முடியாது, கைப்பிடிகூட இல்லை. முதலை படம் போட்ட எச்சரிக்கைப் பலகை ஒன்று சாய்ந்து நின்றது. தளத்துக்கு வெகு கீழே சேறு மட்டும் பளபளத்தது. அதில் தாவித் தாவி ஓடும் மீன்களைப் பார்த்து நான் கைதட்டினேன். எங்கள் கார் தளத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது.

அந்தப் பக்கம் என்பது ஒரு திட்டு. ஒரு பக்கம் ஓடை, மற்ற பக்கங்களில் பாக்காவ் என்கிற அலையாத்திக் காடு. வேர்கள் எல்லாம் சேற்றிலிருந்து மேலே எழும்பி நிற்க, நடுவில் மீன் பிடிக்க வருகிறவர்கள் தங்கும் புல்தரை. மெயின் ரோட்டில் லோரி போகிற சத்தம் கேட்கிற தூரம்தான். ஆனால் என் போனில் சிக்னல் இல்லை. ஒரு கோடு வரும், எட்டிப் பார்ப்பதற்குள் போய்விடும்.

"சிக்னல் இல்லங்க," என்றேன்.

"அதுக்குத்தான வந்தோம். கடைகிட்ட கெடைக்கும்லா," என்றார்.

கூடாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பேருக்கானது என்று பெட்டியில் போட்டிருந்தது. அந்த இரண்டு பேர் மூச்சு விடாதவர்களாக இருக்க வேண்டும். ஜிப்பைத் திறந்தால் கொசு, மூடினால் வேக்காடு. கொசுவுக்கு வர்த்தி இருந்தது. கண்ணுக்கே தெரியாமல் கடிக்கிற அகாஸ் பூச்சிக்கு எதுவும் இல்லை. அன்று பௌர்ணமிக்கு முந்தின நாள். துணி வழியாக உள்ளே வந்த வெளிச்சத்தில் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பேசலாம் என்று அழைத்து வந்தவர் ஏழரைக்குச் சார்டின் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு, எட்டரைக்குக் குறட்டை விட்டார்.

காலையில் நான் எழுந்தபோது அவர் பக்கத்தில் இல்லை. சற்று நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து வந்தார். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. பனி என்றார். புல்லில் அவ்வளவு பனியா என்று நான் கேட்கவில்லை. தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

காலைச் சாப்பாடு ஆனதும் பேச்சைத் தொடங்கினேன். "பினாங்கு விஷயம் என்னங்க?"

"இரும்மா, இந்த அடுப்பு சரியா எரியல."

அடுப்பு எரிந்தது. மறுபடி கேட்டேன். தூண்டிலில் சிக்கு என்றார். சிக்கை எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. நான் கேட்க வருவதைப் பார்த்ததும் விறகு பொறுக்கப் போனார். காஸ் அடுப்பு வைத்துக்கொண்டு எதற்கு விறகு என்று தெரியவில்லை. அந்தத் திட்டை நான் நான்கு முறை சுற்றி வந்தேன். எந்தப் பக்கம் போனாலும் சேறும் வேரும். ஒரே வழி அந்தச் சிமெண்டுத் தளம்தான். மரத்தின் மேல் சாம்பல் நிறக் குரங்குகள் குடும்பமாக உட்கார்ந்து என்னைப் பார்த்தன. ஒரு தாய்க்குரங்கு என்னைப் பார்த்துக்கொண்டே முதுகைத் திருப்பியது. அதுகூடப் பேசத் தயாராக இல்லை என்று எனக்கு அழுகையே வந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க பேசவே வேணாம். என்னைக் கடைகிட்ட கொண்டுபோய் விடுங்க. மெசேஜ் அனுப்பிட்டு வந்துடறேன்."

"வாக்குக் குடுத்தியேம்மா. பேசிட்டு அனுப்பலாம்னு."

"அப்ப பேசுங்க!"

அவர் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தார். ஓடைப் பக்கம் பார்த்தார். "வெயில் கொஞ்சம் எறங்கட்டும். பொறப்படும்போது வண்டியில பேசலாம்," என்றார். ஆம்பிளைகள் ஏன் காரில் மட்டும்தான் பேசுவார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். மூன்று மணிக்குக் கிளம்பினால் வேண்டிய அளவு நேரம் இருந்தது.

மூன்று மணிக்குக் கூடாரத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். எந்த வேலையையும் அரை மணியில் முடித்துத் தூக்கிப் போடுகிற மனிதர், அன்று ஒவ்வொரு கம்பியையும் துணியால் துடைத்தார். நான்கு மணி தாண்டியும் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது நண்டுக் கூடைகளோடு மோட்டார் சைக்கிளில் ஒரு மலாய்ப் பெரியவர் வந்தார். எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தி, "ஆயெர் பெசார்," என்று ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். இன்றைக்குப் பெரிய தண்ணீர், ஐந்து மணிக்குள் தளத்தைத் தாண்டிவிடுங்கள், அதற்கு மேல் ராத்திரிதான் இறங்கும் என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் வேகமாகப் போய்விட்டார்.

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை. நான் உலு யாம் பக்கம் பிறந்தவள். எங்கள் ஆறு மலையிலிருந்து வரும். மழை பெய்தால் ஏறும், வெயிலில் இறங்கும். மழையே இல்லாமல், நல்ல வெயிலில் ஓடை ஏறும் என்பது எனக்குத் தெரியாது. பௌர்ணமி என்றால் எனக்கு விரதம். கடலுக்கு அன்றைக்கு என்ன வேலை என்று நான் யோசித்ததே இல்லை.

அவருக்குத் தெரியும். இந்த ஓடையில் குளித்து வளர்ந்தவருக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? காலையில் நனைந்திருந்த கால்சட்டை அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடியற்காலைத் தண்ணீர் தளத்தின் மேல் எவ்வளவு ஏறுகிறது என்று இறங்கிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"வண்டிய எடுங்க. கூடாரம் கெடக்கட்டும்," என்றேன்.

அவர் கடைசிக் கம்பியைப் பையில் போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து வந்த வார்த்தையைப் பன்னிரண்டு வருடத்தில், கிண்டலுக்குத் தவிர, அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

"நாலரை ஆச்சும்மா. ராகு காலம் பொறந்துருச்சு," என்றார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நான் பதில் சொல்ல முடியாத ஒரே வார்த்தையைக் கண்டுபிடித்துவிட்ட மனிதரின் முகம் அது. அதில் வெற்றிகூட இல்லை, வெட்கம்தான் இருந்தது. அவர் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது.

"சாவியக் குடுங்க."

"ஆறு மணிக்கு மேல போலாம். நீதான எப்பவும் சொல்லுவ."

"ஆறு மணிக்கு மேல போயி என்ன பண்ண? எல்லாம் தெரிஞ்சிதான பண்றீங்க?"

அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, சுருட்டிய கூடாரத்தை மறுபடி சுருட்டினார். நான் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தேன். ஓடவில்லை. ஆனால் வேகமாகத்தான் நடந்தேன். அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன், அவர் வம்சத்தையும் சேர்த்து. போகிற வழியில் குரங்குகள் விலகிப் போயின.

ஓடைக்கு வந்தபோது மணி நாலே முக்கால். முந்தின நாள் நான் கைதட்டிப் பார்த்த சேறு இல்லை. ஓடை நிறைந்திருந்தது. பழுப்புத் தண்ணீர் கடல் பக்கமிருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். தளத்தின் மேல் மெல்லிய தகடாக ஏறியிருந்தது. அடியில் சிமெண்டு தெரிந்தது. அந்தப் பக்கத்து முதல் செம்பனை மரம் கைக்கெட்டுகிற தூரம் போல நின்றது. அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் கடை, சிக்னல், பினாங்கு. செருப்பைக் கழற்றினேன். ஒரு காலை வைத்தேன். கணுக்கால் அளவுதான் இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தக் காலை நான் திரும்ப எடுத்தேன்.

ஏன் என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். முதலை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணுக்கால் தண்ணீரில் முதலை எங்கே வரும்? அன்றைக்கு அது என் நினைவிலேயே இல்லை. நான் நின்றது நேரத்தைப் பார்த்து. ராகு காலத்தில் முதல் அடி வைக்கிறேனே, இது விளங்குமா என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு நுழைந்ததும், அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வரிசையாக வந்தன. இருபது பேருக்கு முன்னால் என்ன பேசுவேன், என் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிப்பார்களா, அந்த வீட்டில் சாயங்காலம் கதவைத் திறந்தால் யார் இருப்பார்கள், இவர் இங்கே என்ன சாப்பிடுவார். நாள்தோறும் மற்றவர்களிடம் கீறல் கண்டுபிடிக்கிற நான், தண்ணீரின் முன்னால் நின்று என்னையே பெல்ட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு தேங்காய் மட்டை மிதந்து வந்து தளத்தில் இடித்து நின்றது. மறுபடி பார்த்தபோது அது தளத்தைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

சிமெண்டு தெரியவில்லை. காலை வைத்துப் பார்த்தேன். முழங்காலுக்கு வந்தது, இழுத்தது. எங்கே தளம் முடிகிறது, எங்கே பள்ளம் என்று தெரியவில்லை. இனி முடியாது. மணி ஐந்து பத்து.

திரும்பினேன். பத்தடி பின்னால், சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் என் கணவர் உட்கார்ந்திருந்தார். கையில் கார் சாவி இருந்தது.

"எப்ப வந்தீங்க?"

"நீ வந்த கொஞ்ச நேரத்துலயே."

"கூப்பிட வேண்டியதுதான?"

அவர் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நீ போயிருவன்னு நெனச்சேன்," என்றார்.

நானும் போய் அந்த மரத்தின் மேல் உட்கார்ந்தேன். பேசுவதற்கு என்று வந்த இடத்தில், தண்ணீர் எங்கள் கால் வரை வரும் வரைக்கும் அப்படியே இருந்தோம். பிறகு மேட்டுக்குப் போய்க் காரில் உட்கார்ந்தோம். ஆறு மணி ஆனதைக் காரின் கடிகாரம் காட்டியது. நான் அழுதேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டார், காற்றுக்கு. தளம் தெரிய எட்டரை மணி ஆனது. கடையைத் தாண்டும்போது என் போன் வரிசையாகச் சத்தம் போட்டது. மேனேஜரின் மெசேஜ் ஐந்து ஐம்பத்தைந்துக்கு வந்திருந்தது, ஒரு கேள்விக்குறி மட்டும். ஆறு பத்துக்கு இன்னொன்று: ஓகே, பரவாயில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு என்ன ஆனது என்று கேட்டார். தண்ணீர் ஏறிவிட்டது என்றேன். அடுத்த பெயர் என்னைவிட ஆறு வயது சின்னவள். நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன். அவள் பினாங்கிலிருந்து அவ்வப்போது சந்தேகம் கேட்டுப் போன் செய்வாள். நன்றாகத்தான் நடத்துகிறாள்.

வீட்டில் ஆறு மாதம் நான் அவரை விட்டுவைக்கவில்லை. குழம்பில் உப்புக் குறைவு என்று அவர் சொன்னால், பினாங்கில் இருந்திருந்தால் உப்பே போட்டிருக்க மாட்டேன் என்பேன். என் வாழ்க்கையைக் கெடுத்தவர் என்று ஒரு முறை முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்தார், பாத்திரம் கழுவினார், ராத்திரி பேசக்கூடக் கற்றுக்கொண்டார். அந்த நாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன மாதம் உலு யாமில் என் அக்கா வீட்டில் சாப்பாடு. இலையின் முன் உட்கார்ந்திருக்கும்போது அக்கா கேட்டார்: "அந்தப் பினாங்கு வேல என்னடி ஆச்சு? அவ்ளோ ஆசையா சொன்னியே?"

"எங்க போக விட்டாரு? ஆத்தங்கரைல கொண்டுபோய் வச்சு, ராகு காலம்னு சொல்லி வண்டியவே எடுக்கல," என்றேன். எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம், தடங்கல் இல்லாமல் வந்தது.

அக்கா கரண்டியோடு அவர் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி? அவ கடைசி வரைக்கும் பெல்ட்டுகிட்டயே நிக்கணுமா? இது நியாயமா?"

என் கணவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, என் இலையைப் பார்த்தேன். கணுக்கால் தண்ணீர், இருபத்தைந்து நிமிடம், என் முதுகு, எல்லாவற்றையும் பார்த்த ஒரே மனிதர் அவர். என் கதையைக் கவிழ்க்க ஒரு வாக்கியம் போதும்.

"நியாயம் இல்லதாங்கக்கா. என் தப்புதான். அவ போயிருப்பா, நான்தான் விடல," என்றார்.

அக்கா பெருமூச்சு விட்டு அவருக்குச் சாம்பார் ஊற்றினார். எனக்கு வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்று சோற்றில் குழி பறித்துக் காட்டினேன்.